வெளியூர் ஊழியப் பயணத்துக்குப் பதில் உள்ளூரில் ஆறு நாள்: தனியா இருக்கிற முதியவர் வீடுகளில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: தேரிக்கரைச் செயலர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன சேகரம் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகள்). மே மாசம் வந்தா வாலிபர் ஐக்கியத்தில் வேன் பிடித்து வெளியூர் போவது வழக்கம். இந்தத் தடவை அந்தக் காசை ஊருக்குள்ளேயே செலவழிக்கலாம் என்று சேகரக் கமிட்டியில் ஒத்துக்கொண்டார்கள். குருவானவரும் சரி என்றுவிட்டார்.

நிலவரம் இது:

ஆள்: 22 பேர். இதில் 9 பேர் 18 வயதுக்குக் கீழ். இரண்டு பேர் கொத்தனாரிடம் கையாளாக வேலை பார்ப்பவர்கள். ஒருவர் ஐடிஐ எலக்ட்ரீஷியன், லைசென்ஸ் இல்லை.
வீடு: 11. எல்லாமே முதியவர்கள் தனியாகவோ இரண்டு பேராகவோ இருக்கும் வீடுகள். நாலு வீடு நம்ம சபையார் இல்லை. ஐந்து ஓட்டு வீடு, மூன்று ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மூன்று தளம் போட்டது.
காசு: 60,000 ரூபாய்.
நாள்: ஆறு நாள்.

முதலில் நினைத்தது, எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்து, கடைசி நாள் கோயில் வளாகத்தில் அசனம் (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) மாதிரி ஒரு சாப்பாடு. அது போதுமா, வேறு உருப்படியாக ஏதாவது செய்யலாமா? இந்த மாதிரி வேலையில் அனுபவம் உள்ளவர்கள் அளவு, சாமான் விவரத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும். பொதுவான ஆலோசனை நிறைய கிடைத்துவிட்டது.

---

பதில் 1: மட்டப்பலகை

வெள்ளையடிப்பை ஐந்தாம் நாளுக்குத் தள்ளுங்கள் தம்பி. சுவர் அழுக்காக இருந்து யாருக்கும் இடுப்பு உடைந்ததில்லை. தனியாக இருக்கிற வயசானவங்க அதிகம் விழுவது மூணு இடத்தில்: கழிப்பறை, வாசப்படி, ராத்திரி கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகிற வழி. உங்க 60,000-ல் பாதிக்கு மேல் இந்த மூணுக்கும் போகணும்.

கைப்பிடிக் கம்பியிலிருந்து ஆரம்பிக்கிறேன், இங்கேதான் அதிகம் சொதப்புவாங்க. ஹார்டுவேர் கடையில் எவர்சில்வர் 'கிராப் பார்' என்றே கேளுங்க, 18 அங்குலம் போதும். துண்டு மாட்டுற கம்பியைக் காட்டி "இதுவும் தாங்கும்" என்பார்கள், தாங்காது. கம்பியின் கனம் 32 மில்லிமீட்டர் பக்கம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் 4 செ.மீ. இடைவெளி. அதைவிட அதிகம் இருந்தால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டும்.

எந்த உயரம் என்பதற்கு அட்டவணை பார்க்காதீங்க. கழிப்பறையைக் கழுவிக் காயவைத்து, அந்தப் பெரியவரையே உடுத்த துணியோடு உட்கார்ந்து எழுந்திரிக்கச் சொல்லுங்க, பக்கத்தில் ஒருவர் தாங்கலாக நிற்கட்டும். எழும்போது கை தன்னால சுவரில் எங்கே போய் ஊன்றுதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்க. அதுதான் கம்பி வரவேண்டிய இடம். வலது கையா இடது கையா என்பதும் அப்போதே தெரியும். பக்கவாதம் வந்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அடுத்து சுவர். விரல் முட்டியால் தட்டிப் பாருங்க. 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் பூச்சு விட்டிருக்கு. பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்து, சிலதில் மண் சாந்து. அதில் ஆங்கர் போல்ட் அடித்து முடுக்கினால் போல்ட் விரியும், செங்கல் பிளக்கும். அன்றைக்கு நிற்கிற மாதிரி இருக்கும், ஒரு மாசத்தில் கம்பியோடு ஆளும் கீழே. இப்படிப்பட்ட சுவருக்கு இரண்டு வழி:

ஒன்று, சுவரைக் குறுக்கே முழுசா துளைத்து, வெளிப்பக்கம் 4 அங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து போல்ட்டை முடுக்குவது. தகடு 5 மில்லிமீட்டர் கனம் இருக்கணும், துருப்பிடிக்காத பெயிண்ட் அடிக்கணும்.

இரண்டு, சுவரையே நம்பாமல் தரையில் ஊன்றுவது. 1¼ அங்குல ஜிஐ பைப்பை ப வடிவத்தில் வெல்டிங் பட்டறையில் வளைத்து வாங்கி, ஒரு காலுக்கு ஒரு அடிச் சதுரம், ஒன்றரை அடி ஆழக் குழி. சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குல ஜல்லி நாலு. ஒரு மூட்டை சிமெண்டில் மூணு, நாலு குழி வரும். தோண்டும் முன்னால் கழிவுக் குழாய் எந்தப் பக்கம் போகுது என்று விசாரிச்சுக்குங்க.

கான்கிரீட் போட்டால் ஏழு நாள் தண்ணி காட்டணும், அதுவரை யாரும் பிடிக்கக்கூடாது. அதனால் குழி வேலை எல்லாம் முதல் நாளே முடியணும். ஆறாம் நாள் போட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு ராத்திரியே பிடித்து ஆட்டிவிடுவார்கள். சாக்கு சுத்தி, ஒரு கயிறு கட்டி வையுங்க. முடிந்த பிறகு உங்களில் கனமான ஆள் ஒருத்தர் முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கிப் பார்க்கணும். அசைந்தால் கழற்றிவிடுங்க. அசைகிற கம்பி கம்பியே இல்லாததைவிட மோசம், ஏன்னா அதை நம்பி கை வைப்பாங்க.

முழங்கால் மடங்காதவர்களுக்குச் சர்ஜிக்கல் கடையில் இரும்பு கமோடு ஸ்டூல் கிடைக்கும், இந்தியன் கோப்பை மேலேயே வைக்கலாம். கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா, நாலு காலும் சமமா நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்க. உதிரி புஷ் ஒரு செட் வாங்கி வீட்டிலேயே கொடுத்துடுங்க, ஈரத்தில் முதலில் போவது அதுதான்.

கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்குதா பாருங்க. உள்ளே விழுந்தால் ஆளே கதவை அடைச்சுக்கிட்டுக் கிடப்பார், வெளியிலிருந்து திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி பண்ணிடுங்க. அரை மணி நேர வேலை. 11 வீட்டிலும் இதை மட்டும் செஞ்சாலே பாதிப் புண்ணியம்.

பாசி வழுக்கலுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கலாம். ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே கழிப்பறையில் ஒரே நாள் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. நாலடிக்கு நாலடி அறையில் ஆள் மயங்கிப் போகும். பசங்க ஆர்வத்தில் இரண்டையும் ஊற்றுவாங்க, சாமானை ஒருவர் கையில் மட்டும் வைத்திருங்க.

---

பதில் 2: சிப்பிச்சுண்ணாம்பு

மட்டப்பலகை அண்ணாச்சி சொன்ன வரிசை சரி. ஆனால் வெள்ளையடிப்பை ஒரேயடியாக மட்டம் தட்ட வேண்டாம். சின்னப் பசங்க ஒன்பது பேருக்கு வேலை கொடுக்கணுமே! அறைக்குள் வெளிச்சமும் கூடும். கண் மங்கினவங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

அளவு: ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்புக்கு (தண்ணீர் படாத கல் சுண்ணாம்பு) 5 லிட்டர் தண்ணீர். 24 மணி நேரம் ஊறணும், பிறகு முரட்டுத் துணியில் வடிகட்டணும். பத்து லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் பசையை வெந்நீரில் கரைத்துச் சேர்க்கணும். பசை போடாத வெள்ளைதான் முதுகு சாய்ந்ததும் சட்டையில் ஒட்டுவது. நீலம் ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராமுக்கு மேல் போகவேண்டாம், திட்டுத்திட்டாகத் தெரியும். அடிக்கும் முன் சுவரைச் சுரண்டி, நனைத்து, மெல்லிசா இரண்டு கை. ஒரே கையில் கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் பொரிந்து விழும். ஏற்கெனவே டிஸ்டம்பரோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அந்த வீட்டை விட்டுவிடுங்கள், இல்லை முழுக்கச் சுரண்டுங்கள்.

சுண்ணாம்பு நீற்றுவது பெரியவர்கள் வேலை. தண்ணீரை முதலில் வைத்து, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். கல் மேல் தண்ணீரைக் கொட்டினால் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு டிரம்தான் சரி. கண்ணாடி இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கவேண்டாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, நேரே ஆஸ்பத்திரி. நீற்றின பொடியாகவே பையில் கிடைக்கும், அதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

சுரண்டும் நாளில் மூச்சிளைப்பு உள்ளவர்களைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிடுங்கள். மாத்திரை டப்பா, கண்ணாடி, பைபிள், ரேடியோ எல்லாம் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்து அதே இடத்தில் திரும்ப வைக்கணும். ஒழுங்குபடுத்துகிறேன் என்று மாற்றி வைத்தால் ராத்திரி அவர்கள் தடவித் தேடி விழுவார்கள்.

கூரை பற்றி. மே மாசம் ஓடு மாற்றச் சரியான சமயம், ஐப்பசி மழைக்கு முன்னால் கையில் நேரம் இருக்கிறது. உடைந்த ஓட்டின் பின்பக்கம் கம்பெனி முத்திரை இருக்கும், அதே கம்பெனி ஓடு தேடுங்கள். வேறு கம்பெனி ஓடு பார்க்க ஒன்றாக இருந்தாலும் வரிப்பள்ளம் ஒன்றோடொன்று பூட்டாது, அந்த இடத்தில்தான் ஒழுகும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் சொல்லி வைத்தால் கிடைக்கும். மேல் வரிசை ஓட்டைத் தூக்கிப் பிடித்து, புதுசைக் கீழிருந்து மேலே தள்ளி, குமிழ் ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டியதா என்று இழுத்துப் பார்க்கணும். ஏணியில் நின்று எட்டுகிற ஓட்டை மட்டும் உங்கள் ஆட்கள் மாற்றலாம். நடுக்கூரைக்கு ஓட்டுக்காரர் ஒருவரைக் கூலிக்குக் கூப்பிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் யாரும் ஏணியில் ஏறவே வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் யாரும், எந்தக் காரணத்துக்கும் கால் வைக்கக்கூடாது. வெயிலில் காய்ந்த பழைய ஷீட் சொல்லாமல் உடையும். அதைத் துளைப்பது, அறுப்பது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது எதுவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

---

பதில் 3: வார்டு சிஸ்டர்

வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

சாப்பாட்டில் கவனம். அசனத்துக்குக் காலையில் இறக்கின சோற்றைச் சாயங்காலம் வாளியில் எடுத்துப்போய் வீடு வீடாகக் கொடுப்பது நம்ம பக்கத்தில் வழக்கம். வேண்டாம். மே மாச வெக்கையில் வடித்த சோறு நாலு மணி நேரம் வெளியே இருந்தால் போதும், வாந்தி பேதி. வாலிபப் பிள்ளைகள் தாங்கிவிடுவார்கள், 80 வயசுக்காரர் ஒரே நாளில் நீர் வற்றிப் படுத்துவிடுவார். சூடு ஆறுவதற்குள் கொண்டுபோங்கள், சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இலையில் விழணும். தலைக்கு 80 முதல் 100 கிராம் அரிசி போதும், பருப்பு 25 கிராம். குழைய வேகட்டும். ஆட்டுக்கறி போடுவதென்றால் அவர்கள் தட்டுக்கு உரியதைத் தனியாக இன்னும் வேகவிட்டுப் பிய்த்துப் போடுங்கள், பல் கிடையாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் யார் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வரும்" என்று சொன்னால், அவர்கள் பன்னிரண்டுக்கே போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நீங்கள் ஜெபம், பாட்டு, போட்டோ எல்லாம் முடித்து இரண்டு மணிக்குப் போனால் வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறிக் கிடப்பார்கள். அது சர்க்கரை இறங்கினதன் அடையாளம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், கால் மணி நேரம் பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. இந்த வீடுகளுக்குச் சாப்பாடு முதலில் போகணும்.

மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பிப் பாருங்கள், ஆனால் எதையும் நிறுத்தவோ மாற்றவோ சொல்லாதீர்கள். தேதி முடிந்ததா, இரண்டு டாக்டர் எழுதின இரண்டு பெயரில் ஒரே மருந்தா என்று மட்டும் பார்த்துக் குறித்து வையுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் மருந்துப் பெயர். பொடி எழுத்தைப் பார்க்கணும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், படுக்கையில் இருப்பவர்களுக்குப் பராமரிப்பும் உண்டு. 11 வீட்டில் யார் பெயர் அதில் இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டியல் கொடுத்துக் கேளுங்கள். மாத்திரை விஷயத்தையும் அந்த ஊழியரிடமே காட்டுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் இருந்தால்: ஒரு மண்சட்டியில் ஆற்று மணல் போட்டு நனைத்து, அதற்குள் சின்னச் சட்டி வைத்து மூடி, நிழலில் வையுங்கள். மருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கட்டும். மணல் காயவிடக்கூடாது. பிள்ளைகள் செய்து கொடுக்கக்கூடிய அருமையான வேலை இது.

படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் முதுகுத்தண்டின் அடி, இடுப்பெலும்பு, குதிகால் இந்த இடங்களில் சிவப்பாக இருக்கிறதா என்று அந்த வீட்டுப் பெண்களோ நர்ஸோ பார்க்கணும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, பிறகு சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் படுக்கைப்புண் ஆரம்பம். அந்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்க்கக்கூடாது, சதை இன்னும் நசுங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவதுதான் மருந்து.

பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறேன்: வேலை நேரம் காலை ஆறரை முதல் பதினொன்று, மாலை நாலுக்கு மேல். ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று, டம்ளரில் கரைக்காதீர்கள்.

---

தேரிக்கரைச் செயலர்

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, நன்றி. கேட்க விட்டது இரண்டு. வாசப்படி: மூன்று வீட்டில் தெருவில் சிமெண்ட் ரோடு போட்ட பிறகும் திண்ணை ஒரே படியாக 35 செ.மீ. உயரம். சாய்தளம் போடலாமா? அடுத்து, லைட் வேலை எங்கள் ஐடிஐ தம்பி செய்யலாமா?

---

பதில் 4: மட்டப்பலகை

சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. 35 செ.மீ. உயரத்துக்கு 4 மீட்டர் 20 நீளம் வேணும், உங்க தெருவில் அதுக்கு இடம் ஏது? இரண்டு மீட்டரில் செங்குத்தாகப் போட்டால் ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது உருளும். சக்கர நாற்காலி இல்லாத வீட்டுக்கு இடைப்படி போதும். 35-ஐச் சரிபாதியாக 17½, 17½. ஒன்று 15, ஒன்று 20 என்று வைத்தால் கால் அந்த வித்தியாசத்தில்தான் இடறும், படியில் பல பேர் விழுவது அதனால்தான். படியின் அகலம் 30 செ.மீ.க்குக் குறையக்கூடாது, வாக்கர் வைத்திருப்பவர் என்றால் 60 வேணும், நாலு காலும் படியில் நிற்கணுமில்ல. மேலே சிமெண்ட் பால் ஊற்றி வழவழப்பாக்காதீங்க, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து சொரசொரப்பா விடுங்க. ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் பட்டை. பக்கத்தில் 85, 90 செ.மீ. உயரத்துக்குக் கைப்பிடி. தெருப்பக்கம் நீட்டுவதால் பஞ்சாயத்திலும் எதிர்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சாக்கடை மூடி மேல் படி வரக்கூடாது.

லைட்: லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை இரண்டு நாளைக்குப் பிடிங்க, உங்க தம்பி அவருக்குக் கையாளாகப் போகட்டும். பல்பு மாட்டுவது வரைக்கும் தம்பி செய்யலாம், புதுசா லைன் இழுப்பது வேண்டாம். மீட்டர், ஃபியூஸ் கேரியர் பக்கம் கையே போகக்கூடாது. வயர்மேன் வந்தால் செய்யவேண்டியது: கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச், வழியில் ஒரு 9 வாட் எல்இடி, கழிப்பறையில் ஒன்று, மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச்). எர்த் சரியா இருக்கான்னும் அவரே பார்த்துடுவார். கரண்ட் போனாலும் எரிகிற சார்ஜ் பல்பு வருது, கழிப்பறைக்கு அதையே மாட்டுங்க. கழிப்பறை முற்றத்தில் தனியாக இருந்தால் ஆள் வந்தால் எரிகிற சோலார் லைட் ஒன்று, வயரே தேவையில்லை.

வழியில் கிடக்கிற சாக்கு மிதியடி, பழைய சேலையில் மடித்த கால்மிதி எல்லாவற்றையும் எடுத்துடச் சொல்லுங்க. கேட்டுத்தான் எடுக்கணும்.

---

பதில் 5: கடைசி பெஞ்சு

ஒரே ஒரு விஷயம். 22 பேருக்கு டி-ஷர்ட், ஒரு பேனர், கடைசி நாள் மொமெண்டோ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்தக் காசில் எத்தனை கமோடு ஸ்டூல் வரும் என்று கணக்குப் போட்டுக் கமிட்டியில் காட்டுங்கள், தானாக அடங்கிவிடும்.

---

பதில் 6: அன்பியம் ஒருங்கிணைப்பாளர்

நான் கத்தோலிக்கப் பங்கில் இருக்கிறேன், நடைமுறை எல்லாருக்கும் ஒன்றுதான். எங்களில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் வீடு சந்திக்கப் போகும்போது எப்போதும் இருவராகத்தான் போவார்கள். 1833-ல் பாரிசில் ஓசானாம் என்பவர் அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20, கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். மாற்கு நற்செய்தியில் இயேசு சீஷர்களை அனுப்பியதும் இரண்டிரண்டு பேராகத்தானே. இதில் பக்தியும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. பணம் காணோம், நகை காணோம் என்று பின்னால் ஒரு பேச்சு வந்தால் தனியாகப் போன பிள்ளை மாட்டிக்கொள்வான்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு: பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், அதில் எந்த வீடு, எந்த நேரம், எந்த வேலை என்று இருக்கட்டும். ஒரு குழுவில் வயது வந்தவர்கள் இரண்டு பேர், ஒருவராவது பெண். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடின அறையில் தனியாக இருக்கும் நிலை வரக்கூடாது. இது முதியவர் வீட்டுக்கும் பொருந்தும், உங்கள் தலைவர்களுக்கும் பொருந்தும். 2012-ன் போக்சோ சட்டம் (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பது) என்ன சொல்கிறது என்று தொடங்கும் முன் ஒரு மணி நேரம் எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

சபையார் அல்லாத நாலு வீடு: வேலை செய்யப் போகிறோம் என்று மட்டும் சொல்லிப் போங்கள். கைப்பிரதி எடுத்துப் போகாதீர்கள், அவர்களாகக் கேட்காமல் ஜெபம் வேண்டாம். அந்த வீட்டுச் சாமி படத்தைச் சுண்ணாம்பு அடிக்கக் கழற்றவேண்டி வந்தால் வீட்டார் கையால் கழற்றச் சொல்லுங்கள். நாலு வீட்டில் ஒரு வீட்டில் சங்கடம் வந்தாலும் அடுத்த வருஷம் தெருவுக்குள் நுழைய முடியாது. சாமான் வாங்கும் வரிசையிலும் அவர்களைக் கடைசியில் தள்ளாதீர்கள், அது உடனே கண்ணில் படும்.

பணம்: ஏடிஎம் கார்டு, பின் நம்பர், பாஸ்புக் எதையும் பிள்ளைகள் கையில் வாங்கக்கூடாது, அவர்களே நீட்டினாலும். "ரெண்டாயிரம் எடுத்துட்டு வாப்பா" என்பார்கள். கூடவே வங்கிக்கு அழைத்துப் போங்கள், எடுப்பது அவர்கள். போட்டோ வேலையை மட்டும் எடுங்கள், ஆளை வேண்டாம். கமிட்டிக்குக் கணக்குக் காட்ட முன்னால் பின்னால் படம் போதும். கழிப்பறையில் உட்கார்ந்து காட்டும் பாட்டி முகநூலில் வரக்கூடாது.

ஏணியில் ஏற முடியாத, மண் சுமக்க விருப்பமில்லாத இரண்டு மூன்று பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் காகித வேலையைக் கொடுங்கள். உண்மையில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,200 ரூபாயாகக் கூடியது. 11 வீட்டில் தகுதி இருந்தும் வாங்காதவர், வாங்கி நடுவில் நின்றுபோனவர் யார் என்று பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் மூன்றிலும் பெயர், பிறந்த வருஷம் ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் சோதனை. ஞானஸ்நானப் பெயர் ஒன்றிலும் வீட்டுப் பெயர் இன்னொன்றிலும் இருப்பது நம்மவர்களிடம் சகஜம், அங்கேதான் மனு நிற்கும். ஆதாரைத் திருத்திவிட்டுப் பிறகு இ-சேவை மையத்துக்குப் போங்கள். ரேஷன் கடையில் ரேகை விழாதவர்கள், நடக்க முடியாதவர்கள் பெயரையும் எழுதுங்கள். வயதானவர்களுக்குப் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, நம் பட்டியலில் யாருக்குப் பொருந்தும் என்று கடைக்காரரிடமே கேளுங்கள்.

ஆறு நாள் முடிந்த பிறகு என்ன என்பதை முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு வீட்டுக்கு இருவர் என்று பெயர் போட்டு, 15 நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரம். கல்லூரிக்கு வெளியூர் போகிறவர்களை இதில் சேர்க்காதீர்கள், ஜூன் மாதமே பட்டியல் ஓட்டையாகிவிடும். ஒரு நோட்டு: தேதி, போனவர், மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, கம்பி ஆடுகிறதா, அடுத்து என்ன. வீட்டுச் சுவரில் ஒரு அட்டை: மகன் அல்லது மகள் எண், பக்கத்து வீட்டு எண், 108, முதியோர் உதவி எண் 14567. எழுத்து ஒரு அங்குல உயரத்துக்குக் குறையாமல், கறுப்பு மையில்.

---

தேரிக்கரைச் செயலர்

ஒரு பாட்டி "என் வீட்டில் யாரும் எதையும் இடிக்க வேண்டாம்" என்கிறார். அவருக்குத்தான் கழிப்பறை மிக மோசம்.

---

பதில் 7: வார்டு சிஸ்டர்

இடிக்க வேண்டாம் என்றால் இடிக்க வேண்டாம். இடிக்காமல் செய்யக்கூடியது இருக்கிறது: கமோடு ஸ்டூல், சார்ஜ் பல்பு, கதவுக் கீல். முதலில் பல்பு மட்டும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அவரோடு பழகின பெண்பிள்ளைகள் யாராவது இரண்டு பேர் நாலு நாள் கழித்துப் போய், ஸ்டூலைக் கழிப்பறையில் வைக்காமல் முற்றத்தில் வைத்து உட்காரச் சொல்லிப் பார்க்கட்டும். பிடித்தால் அவரே உள்ளே தூக்கி வைப்பார். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவந்து வேறு வீட்டுக்குக் கொடுங்கள். அந்த வீட்டையும் 15 நாள் பட்டியலில் வையுங்கள்.